பட்டத்தில் நிறுவனங்கள் எதைப் பார்க்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்களை எழுதும் நான், கோவை வட்டாரத்தில் ஓர் இயந்திர உற்பத்தி நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தவன். தமிழ்நாட்டில் பட்டம் முடிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொறியியல் எனக்கு நெருக்கமான துறை என்பதால் அதைப் பற்றிய பேச்சு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஒரு நிறுவனம் என் பட்டத்தில் முதலில் பார்ப்பது எது?

முதல் கட்டத்தில் உங்கள் விண்ணப்பத்தை மனிதர் யாரும் படிப்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இணையத்தில் நீங்கள் நிரப்பிய படிவத்திலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகியவற்றின் விழுக்காடு, நிலுவையிலுள்ள அரியர், பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற ஆண்டு ஆகிய விவரங்களை எடுத்துக்கொண்டு கணினி பட்டியலைச் சலித்துவிடுகிறது. மிஞ்சுபவர்களுக்குத் திறனறித் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு நேர்காணல் என்று மற்றவை அதன் பிறகுதான் வரும்.

இவ்வளவு இயந்திரத்தனம் எதற்கு என்று கேட்பவர்கள் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கும் மாநிலத்தில் 'பட்டதாரி' என்ற சொல் மட்டும் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது.

வேலைக்கு எடுப்பவரால் ஒருவரின் திறமையை முன்கூட்டியே காண முடியாது என்பதால், அவர் படிப்பை ஓர் அடையாளக்குறியாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். என் அனுபவத்தில் இதற்கு ஒரு துணைவிதி உண்டு: அந்தக் குறியைத் தன்னால் சரிபார்க்க முடிந்தால்தான் நிறுவனம் அதற்கு மதிப்புக் கொடுக்கும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தத் துணைவிதியிலிருந்து கிளைத்தவைதாம்.

60 விழுக்காடு என்று எல்லை போடுகிறார்களே, எனக்கு 59.4 இருக்கிறது. பேசிப் பார்க்கலாமா?

கணினியிடம் பேச முடியாது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் அறிவிப்புகளில் 'பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60' என்ற வரி மாறாமல் வருகிறது. 60 என்பது நெடுங்காலமாக நம்மிடையே முதல் வகுப்பின் எல்லையாக இருந்து வருவதால் அந்த எண் நிலைத்துவிட்டது. ஆனால் 59.4ஐ 60 என்று முழுமையாக்கிப் படிவத்தில் எழுதிவிடும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த பின் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது அந்த 0.6 பொய்த் தகவலாகக் கணக்கில் ஏறும், அதன் பின் விளக்கம் எதுவும் எடுபடாது. நடுத்தர உற்பத்தி நிறுவனங்களும் சிறிய மென்பொருள் நிறுவனங்களும் இந்த எல்லையை அவ்வளவு கறாராக வைத்துக்கொள்வதில்லை என்பதால், உங்கள் நேரத்தை அங்கே செலவிடுவதே பயனுள்ளது.

சி.ஜி.பி.ஏ. 9 இருப்பவருக்கு 7 இருப்பவரைவிட வேலை எளிதாகக் கிடைக்குமா?

சல்லடையைத் தாண்டும் வரை எளிது. தாண்டிய பிறகு அந்த எண்ணின் வேலை மாறிவிடுகிறது. நேர்காணலில் அது உங்களிடம் கேட்கப்படும் கேள்வியின் கடினத்தைக் கூட்டுகிறது. 9 புள்ளி வைத்திருப்பவரிடம் எளிய கேள்வி கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தேர்வுக் குழு மேசையில் கடைசல் முடித்த ஒரு புஷ்ஷும் (நடுவே துளையுள்ள உருளைப் பாகம்) ஒரு வெர்னியர் காலிப்பரும் எப்போதும் கிடக்கும். புஷ்ஷின் வெளிவிட்டத்தை அளந்து சொல்லச் சொல்வோம். இயந்திரப் பொறியியலில் 8.9 புள்ளி பெற்றிருந்த ஒரு மாணவர் முதன்மை அளவுகோலை மட்டும் படித்து, 'முப்பத்திரண்டு மில்லிமீட்டர் சார்' என்று சொல்லி வைத்துவிட்டார். வெர்னியர் கோடு எதோடு பொருந்துகிறது என்று பார்க்கவே இல்லை. அடுத்து வந்தவர் 7.1 புள்ளிக்காரர். அவர் புஷ்ஷைத் தொடும் முன் காலிப்பரின் தாடைகளை மூடி, சுழிப்பிழை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கருவியின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அளந்தார். அவர் சொன்ன எண் சரியா என்று பார்க்கும் முன்பே எங்கள் குழுவில் இருவர் மதிப்பெண் தாளில் குறித்துவிட்டார்கள்.

இதை வைத்து மதிப்பெண் வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். நான்காண்டுகள் எட்டுப் பருவங்களிலும் ஒரே சீராக எழுதியவர் என்பதை 9 புள்ளி காட்டுகிறது, அந்தச் சீர் தொழிற்சாலையில் மிகவும் தேவைப்படும் குணம். சதவீதமாக மாற்றும்போது மட்டும் கவனம் தேவை. அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் பத்தால் பெருக்குவது வழக்கம். வேறு பல்கலைக்கழகங்கள் வேறு சூத்திரம் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அச்சிட்டுத் தரும் விதியைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.

அரியர் வைத்து எழுதித் தேறியவர்களை ஒதுக்குவார்களா?

நிலுவையில் உள்ள அரியரும் பழைய அரியரும் வெவ்வேறு. நிறுவனம் ஆளெடுக்க வரும் நாளில் நிலுவை இருக்கக் கூடாது என்பார்கள், அல்லது ஒன்று மட்டும் இருக்கலாம், பணியில் சேரும் முன் முடித்துவிட வேண்டும் என்பார்கள். பழைய அரியரைப் பெரும்பாலான நிறுவனங்கள் பொருட்படுத்துவதில்லை. பல்கலைக்கழகம்தான் அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறையில் சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்கு 8.50 புள்ளியோடு, எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

பழைய அரியர் பற்றிக் கேட்டால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் மூன்று தாள் போய், மூன்றாம் ஆண்டில் அத்தனையும் எழுதி முடித்த ஒரு மாணவி, 'கணக்கு மூன்றாம் தாளில் ஃபூரியர் தொடரே புரியவில்லை, பள்ளியில் விட்டுப்போன தொகையீட்டை மறுபடி படித்த பின்தான் புரிந்தது' என்றார். தன் குறை எங்கே இருந்தது என்று தெரிந்தவரிடம் வேலை வாங்குவது எளிது என்பது குழுவில் இருந்த உற்பத்தி மேலாளரின் கருத்து.

நிறுவனங்கள் தேர்வை எவ்வளவு நம்புகின்றன என்பது 2020இல் தெரிந்தது. கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக மாநில அரசு அறிவித்தபோது ஊரெங்கும் கொண்டாட்டம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அதை எதிர்த்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்த மனிதவள மேலாளர்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: எழுதித் தேறியவர் யார் என்று மதிப்பெண் பட்டியலே சொல்லாவிட்டால் நாங்கள் எதைப் பார்ப்பது?

கல்லூரியின் பெயர் எந்த அளவுக்கு முக்கியம்?

வெளியில் சொல்வதைவிட அதிகம், மாணவர்கள் பயப்படுவதைவிடக் குறைவு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு நிறுவனங்கள் விரும்பிப் போகக் காரணம் அங்குள்ள கட்டடமோ பழைமையோ அன்று. ஒரு நாள் போய் உட்கார்ந்தால், நேர்காணலுக்கு வரும் பத்துப் பேரில் பலர் தேறக்கூடியவர்களாக இருப்பார்கள். கலந்தாய்வில் அதிக கட்டாஃப் வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆக, நிறுவனம் பயன்படுத்திக்கொள்வது கல்லூரி செய்த தேர்வையல்ல, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஆண்டில் கலந்தாய்வு செய்துவிட்ட தேர்வை. இதில் ஓர் அநியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பதினேழு வயதில் எழுதிய வேதியியல் தேர்வு, இருபத்தொரு வயதில் யார் கல்லூரி வாசலுக்கு எந்த நிறுவனம் வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பெயர் பெறாத கல்லூரி மாணவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பல கல்லூரிகளை ஓரிடத்தில் கூட்டி நடத்தும் பூல் தேர்வுகள், யாரும் எழுதக்கூடிய இணையவழித் தகுதித் தேர்வுகள், கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஆஃப் கேம்பஸ் நேர்காணல்கள் எல்லாம் அவர்களுக்காகவே இருப்பவை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு கல்லூரிப் பெயரை யாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது கேட்பது கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான்.

நாக், என்.பி.ஏ., தரவரிசை என்றெல்லாம் கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. நிறுவனம் அதைப் பார்க்குமா?

நாக் என்பது கல்லூரி முழுவதற்குமான தர மதிப்பீடு; என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரும் அங்கீகாரம். நேர்காணல் அறையில் இவை இரண்டைப் பற்றியும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விவரம் உதவும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் இந்தியா நிரந்தர உறுப்பு நாடாயிற்று. ஆனால் அதன் பலன் என்.பி.ஏ. 'முதல் அடுக்கு' அங்கீகாரம் வழங்கிய பாடப்பிரிவுகளுக்குத்தான் சேரும். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ உங்கள் பொறியியல் பட்டத்தை மதிப்பிடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

பாடப்பிரிவு முக்கியமா? புதிதாக வந்திருக்கும் பிரிவில் படித்தவர்கள் என்ன செய்வது?

மென்பொருள் நிறுவனங்கள் நெடுங்காலமாகவே எல்லாப் பிரிவினரையும் எடுத்து, மைசூரு போன்ற பயிற்சி வளாகங்களில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கின்றன. சிவிலும் மெக்கானிக்கலும் படித்தவர்கள் நிரல் எழுதுவது நம் ஊரில் அதிசயமே இல்லை. கோர் நிறுவனங்கள் அப்படி இல்லை. வார்ப்பு, அச்சு, மின்மாற்றி, கட்டுமானம் போன்ற வேலைகளுக்குப் பிரிவின் பெயர் அறிவிப்போடு பொருந்தியே ஆக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு முதலிய புதிய பெயர்களில் பட்டம் பெறுபவர்களுக்குத் தனியார் துறையில் சிக்கல் குறைவு, ஏனெனில் அவற்றைக் கணினிப் பொறியியலின் கிளையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அரசு அறிவிப்புகளில் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாதபோது, உங்கள் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் உயர்கல்வித் துறை அத்தகைய இணைத்தன்மை ஆணைகளை அவ்வப்போது வெளியிடுகிறது. கல்லூரியில் சேரும் நாளிலேயே இதை விசாரித்துவிட்டால் பிற்பாடு அலைய வேண்டியிராது.

இறுதியாண்டு புராஜெக்டை உண்மையிலேயே யாராவது பார்க்கிறார்களா?

என்னைக் கேட்டால் பட்டம் முழுவதிலும் நேர்காணல் செய்பவர் ஆர்வத்தோடு தொடும் ஒரே பகுதி அதுதான். தாள்களில் என்ன எழுதினீர்கள் என்பதை அவரால் பார்க்க முடியாது. புராஜெக்டை மட்டும் கேள்வி கேட்டு அங்கேயே சரிபார்த்துவிடலாம். ஐந்தாவது கேள்வியில் உண்மை வெளியே வந்துவிடும்.

நகரங்களில் புராஜெக்ட் சென்டர் என்ற பெயரில் முழுப் பொருளையும் அறிக்கையோடு விற்கும் கடைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஒருமுறை, சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டும் இயந்திரம் செய்ததாக விண்ணப்பத்தில் எழுதியிருந்த ஒருவரிடம், 12 வோல்ட் மின்கலம் எதற்கு, மோட்டாரின் சுழல்வேகம் என்ன, முழு மின்னேற்றத்தில் எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்டேன். முதலிரண்டுக்கும் அறிக்கையில் மனப்பாடம் செய்த பதில் வந்தது. மூன்றாவதற்கு, 'அதை டீம்மேட் பார்த்தான் சார்' என்றார். 'ஓட்டிப் பார்த்தபோது என்ன பழுதானது?' என்று கேட்டதும் மௌனம். கையால் ஒரு பொருளைச் செய்தவருக்கு எது பழுதானது என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். விலைக்கு வாங்கிய பொருள் பழுதாவதே இல்லை.

அதே ஆண்டில் வந்த ஒரு மாணவியின் குழுவினர் கோவைப் புறநகரில் ஒரு சிறிய ஃபவுண்டரியில் வார்ப்புகள் கழிவாவதைக் குறைக்க முயன்றிருந்தார்கள். வார்ப்பில் காற்றுத்துளை விழுவதற்கு அச்சு மணலில் ஈரம் கூடுவது ஒரு காரணம் என்பதால், மணலின் ஈரப்பதத்தை நாள்தோறும் அளந்து குறித்துக்கொண்டு வந்தார்கள். பேச்சின் நடுவே அவரே, 'முதல் இரண்டு வாரக் கணக்கு பயன்படவில்லை சார். நாங்கள் மதியம் மட்டும்தான் அளந்தோம். காலை முதல் வார்ப்புக்குப் போகும் மணல் இரவெல்லாம் கிடந்த மணல், அதைத் தனியாக அளந்திருக்க வேண்டும்' என்றார். பளபளப்பான மாதிரி எதுவும் அவரிடம் இல்லை. எண்கள் எழுதிய, மூலை மடங்கிய ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. அவரை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே புராஜெக்ட் சிறியதாக இருப்பது குறையே இல்லை. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், உங்கள் பங்கு எது, எங்கே தவறியது, இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விகளுக்கு உங்கள் சொந்தச் சொற்களில் பதில் இருக்க வேண்டும். குழுவாகச் செய்த வேலையில் 'நாங்கள் செய்தோம்' என்று முடித்துவிடாமல் 'நான் செய்தது இது' என்று பிரித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. படித்தவர்களுக்கும் இதே அளவுகோல்தானா?

அளவுகோல் ஒன்றுதான், கேட்கும் கேள்வி மாறும். பி.காம். பட்டதாரிகளிடம் எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவர் வழக்கமாகக் கேட்பது இது: 'கரூரிலிருந்து ஒரு சரக்கைச் சென்னைக்கும் அதே சரக்கைப் பெங்களூருக்கும் அனுப்புகிறோம், விலைப்பட்டியலில் என்ன வித்தியாசம்?' சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பாடத்திட்டத்திலும் இருக்கிறது. மாநிலத்துக்குள் என்றால் வரி மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என இரண்டாகப் பிரியும். மாநிலம் தாண்டினால் ஒருங்கிணைந்த வரி என்று ஒரே தொகையாக வரும். மொத்த விகிதம் மாறாது. டாலி கணக்கு மென்பொருள் வகுப்புச் சான்றிதழ் வைத்திருந்தும் இதற்குத் தடுமாறியவர்கள் உண்டு. ஓய்வு நேரத்தில் மாமாவின் மளிகை மொத்தக் கடையில் பில் போட்டுப் பழகிய ஒரு மாணவர், கேள்வி முடியும் முன்பே காகிதத்தை எடுத்து இரண்டு விலைப்பட்டியலும் எழுதிக் காட்டினார்.

பி.எஸ்சி., பி.ஏ. பட்டதாரிகளுக்கு வரும் வேலைகள் பாடத்தோடு நேராகப் பொருந்துவது குறைவு. வங்கி, காப்பீடு, வாடிக்கையாளர் சேவை, தரவுப் பணிகள் ஆகியவற்றில் நிறுவனங்கள் பார்ப்பது பிழையில்லாமல் எழுதத் தெரிகிறதா, ஒரு பத்தியைப் படித்துச் சுருக்கிச் சொல்ல முடிகிறதா என்பதையே. வரலாறு படித்தவர் இதில் பொறியாளரை முந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்டர்ன்ஷிப், தொழில் பழகுநர் பயிற்சி இரண்டில் எது மேல்?

படிக்கும்போதே பார்ப்பது இன்டர்ன்ஷிப். படிப்பு முடித்த பின் பார்ப்பது பழகுநர் பயிற்சி. இரண்டு வாரம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்குவது கணக்கில் வராது. பழகுநர் பயிற்சிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் உள்ளடக்கியது. ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகை, முடிவில் அரசு வழங்கும் சான்றிதழ் ஆகியவை கிடைக்கும். தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை குறைவு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறு. ஓராண்டு ஒரு தொழிற்கூடத்தில் ஷிப்ட் பார்த்தவர் என்பது, எந்த நிறுவனமும் தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடக்கூடிய தகவல்.

இணையவழிச் சான்றிதழ்கள், 'நான் முதல்வன்' பயிற்சிகள் பயன்படுமா?

2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகள் பல கல்லூரிகளில் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் தனிச் சிறப்பாக அவற்றை முன்வைக்க முடியாது. ஆனால் அவற்றில் கற்றதை வைத்துச் செய்த வேலையை முன்வைக்கலாம். பதினைந்து சான்றிதழ்களை அடுக்கியிருக்கும் விண்ணப்பத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வரும். ஒன்றிரண்டு போதும்.

தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலம் சரளமாக வராது. பட்டத்தின் மதிப்பு குறையுமா?

பட்டத்தின் மதிப்பு குறையாது. சில வேலைகளின் கதவு மெதுவாகத் திறக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு ஆங்கிலம் தேவை என்பதில் மழுப்ப ஒன்றுமில்லை. உற்பத்திக் கூடத்தில் நிலைமை வேறு: இயந்திரத்தை இயக்குபவரிடமும் ஒப்பந்தத் தொழிலாளரிடமும் தமிழில் தெளிவாகப் பேசி வேலை வாங்கத் தெரிந்தவரையே மேற்பார்வையாளராகத் தேடுகிறார்கள். நேர்காணலில் ஆங்கிலத்தில் தொடங்கி, தடுமாறினால், 'இதைத் தமிழில் விளக்கலாமா?' என்று கேட்டுவிடலாம். எங்கள் குழுவில் அதை யாரும் மறுத்ததில்லை. மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகத்தை ஒப்பிப்பதுதான் உண்மையான ஆபத்து, ஏனெனில் அடுத்த கேள்வியிலேயே குரல் மாறிவிடும்.

மாநில அரசுப் பணியில் தமிழ் வழியே தனிச் சலுகை. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு இடங்கள் தமிழ் வழியில் பயின்றோருக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்பது 2020இல் வந்த திருத்தம்.

தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டத்தை ஏற்பார்களா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேரடிக் கல்விப் பட்டங்களுக்கு இணையானவை. நீங்கள் சேர்ந்த ஆண்டில் உங்கள் பாடத்துக்கு அங்கீகாரம் இருந்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியியல் இதில் சேராது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழக அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை மாறாமல் படித்திருக்க வேண்டும். தனியார் துறையில், வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படித்தவருக்கு ஒரு மரியாதை உண்டு. வேலை பார்க்காமல் தொலைநிலையில் படித்தவரிடம் அந்த மூன்று ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

அரசு வேலைக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பட்டத்தின் எந்தப் பகுதி முக்கியம்?

தேதி. கேலியாகச் சொல்லவில்லை. தேர்வாணையத்தின் அறிவிப்பு வெளியான நாளில் நீங்கள் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். கடைசிப் பருவத் தேர்வு முடிவு மறுநாள் வந்திருந்தாலும் பயனில்லை. தற்காலிகச் சான்றிதழில் உள்ள தேதியைச் சரிபார்க்காமல் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி அங்கே பட்டம் நுழைவுச்சீட்டு மட்டுமே, தரவரிசையைப் போட்டித் தேர்வு முடிவு செய்யும். பொதுத்துறை நிறுவனங்கள் பல, பொறியாளர்களை கேட் தேர்வு மதிப்பெண் வழியாக எடுக்கின்றன. அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

பட்டமே வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அதுவும் நம் ஊரிலேயே. ஸோஹோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிப் படிப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. எச்.சி.எல். நிறுவனமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்காக டெக்பீ என்ற திட்டத்தை நடத்துகிறது. கவனித்துப் பாருங்கள்: அவர்கள் சரிபார்ப்பதைக் கைவிடவில்லை. கல்லூரி செய்யும் வேலையைத் தாங்களே செய்து, மாதக்கணக்கில் கூடவே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் அந்தப் பொறுமையும் வசதியும் கிடையாது.

பட்டம் முடித்து இரண்டு ஆண்டுகள் வேலை இல்லாமல் இருந்துவிட்டேன். பட்டம் பழசாகிவிட்டதா?

வளாகத் தேர்வுகளைப் பொறுத்தவரை ஆகிவிட்டது. அவை தேர்ச்சி ஆண்டைப் பார்த்தே சலிக்கின்றன. மற்ற இடங்களில் இடைவெளியைவிட அதற்கான விளக்கமே பார்க்கப்படும். போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்றால் எழுதிய தேர்வின் நுழைவுச்சீட்டோ மதிப்பெண்ணோ கையில் இருக்கட்டும். வீட்டில் நோயாளியைக் கவனித்தேன் என்றால் அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். இது பிரச்சினையாகுமா?

தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் 'மா. செல்வம்' என்று இருப்பவர், கடவுச்சீட்டில் 'செல்வம் மாரிமுத்து' ஆகி, வங்கிக் கணக்கில் 'செல்வம் எம்' ஆகிவிடுகிறார். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர் வட மாநிலத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பார். தலைப்பெழுத்து என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் மாணவர் ஒருவருக்கு எல்லாச் சுற்றும் தேறி, பணி ஆணையும் வந்த பிறகு, இந்த ஓர் எழுத்தால் சேரும் நாள் மூன்று வாரம் தள்ளிப்போனது. பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன், இறுதியாண்டிலேயே கல்லூரி அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். ஆதாரையும் அதற்குப் பொருந்தத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்குள் பணி ஆணை வந்துவிட்டால், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அவை ஏற்காவிட்டால் அரசிதழில் வெளியிடுவதுதான் வழி, அதற்கு நாளாகும்.